எம்ஜிபி காரின் வயரிங்: மாற்றுவதா, தேடுவதா?

மார்ச் 2, காலை

வாசகர் ஒருவர் கேட்கிறார்: "என்னிடம் 1972ஆம் ஆண்டின் எம்ஜிபி ரோட்ஸ்டர் (பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) இருக்கிறது. இடது இண்டிகேட்டரைப் போட்டால் பின்னால் இடது பிரேக் விளக்கும் மங்கலாகச் சேர்ந்து எரிகிறது. இண்டிகேட்டரோ சிமிட்டாமல் அப்படியே நிற்கிறது. பச்சைக் கம்பிகளுக்கான ஃபியூஸ் மாதத்துக்கு இரண்டு முறை போகிறது. பெட்ரோல் முள் டேங்கில் இருப்பதைவிட அதிகமாகக் காட்டுகிறது. ஐம்பது வருடத்து வயரிங் இப்படித்தான் இருக்கும், ஹார்னஸ் (காரின் கம்பிகளையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துக் கட்டிய தொகுப்பு) முழுவதையும் கழற்றிவிட்டுப் புதியதைப் போட்டால்தான் தீரும் என்கிறார்கள். அது சரிதானே?"

சரியில்லை என்பது என் பதில். நீங்கள் சொல்லும் மூன்று தொல்லைகளுக்கும் மூன்று தனித்தனிக் காரணங்கள் இருக்க வேண்டும். அவற்றில் இரண்டு எர்த் இணைப்பில், அதாவது மின்சாரம் காரின் உலோக உடல் வழியாகப் பாட்டரிக்குத் திரும்பும் இடத்தில் இருக்கும். ஒன்று மட்டுமே கம்பியில் இருக்கும், அதுவும் ஒரு சாண் நீளத்துக்கு மேல் இராது.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டவன். என்னிடம் இருப்பது 1971ஆம் ஆண்டின் எம்ஜிபி. பின்விளக்குகள் மங்குகின்றன என்பதற்காக அதன் ஹார்னஸை முழுவதும் கழற்றி, ஐந்து வாரம் செலவழித்துப் புதியதைப் பூட்டினேன். பூட்டிய அன்று எல்லாம் பளிச்சென்று எரிந்தது. அடுத்த மழைக்காலத்தில் அதே விளக்கு, அதே மங்கல். புதிய கறுப்புக் கம்பியின் வளையத்தை நான் பழைய துருவின் மேலேயே வைத்து போல்ட்டை முறுக்கியிருந்தேன். அந்தத் துருவை உப்புத்தாளால் தேய்த்து எடுக்கப் பத்து நிமிடம் ஆகியது. ஐந்து வாரத்துக்கு முன்பே அந்தப் பத்து நிமிடத்தைச் செலவிட்டிருக்கலாம் என்ற நினைப்பு இன்னும் என்னை விடவில்லை.

மார்ச் 2, இரவு

தேடத் தொடங்குவதற்கு முன் கம்பிகளின் நிறத்தை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். இந்தக் கார்களின் நிறங்கள் பிஎஸ் ஏயூ7 என்ற பிரிட்டிஷ் தரத்தைப் பின்பற்றியவை. அதில் அடிப்படை நிறம் மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதையும், அதன் மேல் ஓடும் மெல்லிய கோடு எதற்குப் போகிறது என்பதையும் சொல்கிறது. பழுப்பு பாட்டரியிலிருந்து நேராக வருவது. சாவியை உருவினாலும் அதில் மின்சாரம் இருக்கும், நடுவே ஃபியூஸ் கிடையாது. வெள்ளை, சாவியைத் திருப்பியதும் உயிர்பெறுவது; அதற்கும் ஃபியூஸ் இல்லை. அந்த வெள்ளை ஃபியூஸ் பெட்டிக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியே வரும்போது பச்சையாகிறது. பழுப்பு அதேபோல் ஊதாவாகிறது. நீலம் ஹெட்லைட்டுக்கும் சிவப்பு சைடு விளக்குகளுக்கும் உரியவை. கறுப்பு எர்த். பச்சையில் ஊதாக் கோடு இருந்தால் பிரேக் விளக்கு. சிவப்புக் கோடு இடது இண்டிகேட்டர், வெள்ளைக் கோடு வலது.

இவற்றைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை காகிதத்திலேயே முடிந்துவிடும். உதாரணமாக, பச்சை ஃபியூஸ் போகிறது என்றால் பிரேக் விளக்கு, இண்டிகேட்டர், ரிவர்ஸ் விளக்கு, வைப்பர், கண்ணாடி கழுவும் பம்ப், ஹீட்டர் விசிறி, பெட்ரோல் முள் ஆகியவற்றுக்கு வெளியே நீங்கள் தேட வேண்டியதே இல்லை. ஹெட்லைட்டையும் ஹாரனையும் தொடாதீர்கள்.

பழைய கம்பியில் நிறம் தெரியவில்லை என்பார்கள். வெளியே தெரியும் இடத்தில் எல்லாமே எண்ணெய்ப் பழுப்பாகத்தான் இருக்கும். சுற்றியிருக்கும் துணிநாடாவை ஓர் அங்குலம் பிரித்துப் பார்த்தால் உள்ளே நிறம் புதிதாக இருக்கும்.

மார்ச் 4

இண்டிகேட்டரும் பிரேக் விளக்கும் சேர்ந்து எரிவதைப் பற்றி.

மின்சாரம் தனக்குரிய வழி அடைபட்டால் நின்றுவிடுவதில்லை. திறந்திருக்கும் வேறு வழியில் சுற்றிக்கொண்டு போகும். உங்கள் இடது பின்விளக்கின் எர்த் விட்டுப்போயிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இண்டிகேட்டர் பல்பைக் கடந்து வந்த மின்சாரம் விளக்கின் உலோகச் சட்டத்துக்கு வருகிறது. அங்கிருந்து கறுப்புக் கம்பி வழியாக வெளியேற முடியவில்லை. அதே சட்டத்தில்தான் பிரேக்குக்கும் சைடு விளக்குக்கும் பொதுவான, 21 வாட், 5 வாட் என இரண்டு இழைகள் கொண்ட பல்பும் உட்கார்ந்திருக்கிறது. மின்சாரம் அந்த இழைகளுக்குள் பின்பக்கமாக நுழைகிறது. பிரேக் இழையைக் கடந்ததும் பச்சை-ஊதாக் கம்பியில் ஏறி, வலது பக்கத்துப் பிரேக் பல்புக்குப் போய், அங்கே இருக்கும் நல்ல எர்த் வழியாக இறங்குகிறது. சைடு விளக்கின் இழை வழியாகவும் கொஞ்சம் கசிந்து, சிவப்புக் கம்பியில் ஏறி மற்ற சைடு விளக்குகளுக்குப் போகும். ஒரே 12 வோல்ட்டைப் பல பல்புகள் வரிசையாகப் பங்குபோட்டுக்கொள்வதால் எதுவும் முழுதாக எரிவதில்லை.

சிமிட்டாததற்கும் இதுவே காரணம். இண்டிகேட்டரைச் சிமிட்டவைக்கும் அந்தக் காலத்து ஃபிளாஷர் யூனிட் வெப்பத்தால் இயங்குவது. முன்னும் பின்னுமாக இரண்டு 21 வாட் பல்புகள், அதாவது 42 வாட்டுக்கான மின்சாரம் தன் வழியாக ஓடினால்தான் சூடேறிச் சிமிட்டும். பின்பல்பு எடுப்பது குறைந்துவிட்டால் அது சூடாகாமல் நிற்கும். ஃபிளாஷரை மாற்றாதீர்கள், அது நன்றாகத்தான் இருக்கிறது.

இரண்டு சோதனைகளைச் செய்து பாருங்கள். இருட்டில் இடது இண்டிகேட்டரைப் போட்டுவிட்டு வலது பக்கத்துப் பிரேக் விளக்கைக் கவனியுங்கள். அதிலும் மெல்லிய சிவப்பு தெரிந்தால் நான் சொன்ன சுற்றுவழி உறுதியாகிறது. பிறகு ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். பின்னால் இருக்கும் இடது இண்டிகேட்டர் ஏறக்குறைய அணைந்துவிட வேண்டும், ஏனென்றால் அதன் இரண்டு முனைகளிலும் அப்போது மின்சாரம் வந்து நிற்கும்.

மார்ச் 5

கேட்டவர் எழுதியிருக்கிறார்: வலது பிரேக் விளக்கும் மங்கலாக எரிகிறது, பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் அணைகிறது. ஆனால் மல்டிமீட்டரில் பார்த்தால் பல்ப் ஹோல்டருக்கு 12.4 வோல்ட் வருகிறது, எர்த்தும் நன்றாக இருப்பதாகவே காட்டுகிறது, என்ன செய்வது என்கிறார்.

மல்டிமீட்டரின் கறுப்பு முனையை எங்கே வைத்தீர்கள்? டிக்கியின் ஏதாவது ஒரு போல்ட்டில் வைத்திருந்தால் நீங்கள் சோதித்தது அந்த போல்ட்டின் எர்த்தை. விளக்கின் எர்த்தை அல்ல.

மார்ச் 5, சற்று நேரம் கழித்து

மேலே எழுதியது போதாது. கறுப்பு முனையை விளக்கின் சட்டத்திலேயே வைத்திருந்தாலும் மீட்டர் ஏமாற்றியிருக்கும்.

டிஜிட்டல் மல்டிமீட்டர் தன் வழியாக மின்சாரத்தை ஏறக்குறைய விடுவதே இல்லை. அதன் உள்தடை பொதுவாக 10 மெகா ஓம். வழியில் ஓர் இணைப்பு துருப்பிடித்து 10,000 ஓம் தடையாகி நின்றாலும், அந்த மீட்டருக்கு அது ஆயிரத்தில் ஒரு பங்கு. பல்ப் எதுவும் எரியாதபோது 12 வோல்ட் இருப்பதாகவே காட்டும். 21 வாட் பல்புக்கோ 1.75 ஆம்பியர் ஓட வேண்டும். அதன் வழியில் வெறும் 1 ஓம் தடை இருந்தாலும் ஒன்றரை வோல்ட் அங்கேயே போய்விடும். வெளிச்சத்துக்குக் கிடைக்கும் வாட்டில் ஏறக்குறைய கால்வாசி குறையும்.

ஆகவே சுமை ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் அளக்க வேண்டும். பல்ப் தன் இடத்திலேயே இருக்கட்டும், இண்டிகேட்டர் எரியட்டும். மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் நெகட்டிவ் முனையிலும் மற்றொன்றை விளக்கின் உலோகச் சட்டத்திலும் வையுங்கள். நல்ல எர்த்தாக இருந்தால் பூஜ்யத்தை ஒட்டி, 0.1 அல்லது 0.2 வோல்ட் காட்டும். என் காரில் 4 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. பிறகு முனையை ஒவ்வோர் இணைப்பாகப் பாட்டரியை நோக்கி நகர்த்திக்கொண்டே வாருங்கள். எந்த இணைப்பைத் தாண்டியதும் எண் சட்டென்று விழுகிறதோ, குற்றவாளி அந்த இணைப்புதான். இந்த ஒரு முறையைப் பழகியவனுக்கு வேறு எந்தக் கருவியும் அவ்வளவாகத் தேவைப்படாது. ஐந்து வாரம் ஹார்னஸ் பூட்டியபோது எனக்கு இது தெரிந்திருக்கவில்லை.

மீட்டரோடு ஒரு டெஸ்ட் லேம்பையும் வைத்துக்கொள்ளுங்கள். 21 வாட் பல்பில் இரண்டு கம்பிகளைப் பற்றவைத்தால் போதும். அது மின்சாரத்தைக் கேட்டு வாங்கும்; இணைப்பு சோர்ந்திருந்தால் உடனே மங்கிக் காட்டிக்கொடுத்துவிடும்.

மார்ச் 8

இண்டிகேட்டர் சிமிட்டுகிறதாம். குற்றம் கறுப்புக் கம்பியின் புல்லட் இணைப்பில், அதாவது கம்பி முனையின் தோட்டா வடிவ உலோகத்தை ரப்பர் உறைக்குள் செருகும் இணைப்பில். ரப்பர் உறைக்குள் பித்தளைத் தோட்டா பச்சை பூத்து, தொட்டதும் கழன்று வந்ததாக எழுதியிருக்கிறார்.

அந்த ரப்பர் உறைகளைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள். உள்ளே இருக்கும் உலோகக் குழல் விரிந்துபோயிருக்கும். தோட்டாவைச் சுத்தம் செய்து செருகினாலும் பிடி இராது. புதிய உறைகளைப் போடுங்கள், தோட்டாவைச் செருகும்போது இருபக்கமும் "டக்" என்று உட்காரும்வரை அழுத்துங்கள். கம்பியின் முனையை உரித்துச் செம்பு இழைகளைப் பாருங்கள்: கறுத்திருந்தால், பளபளப்பான செம்பு தெரியும் இடம்வரை வெட்டிவிட்டுப் புதிய தோட்டாவைப் பற்றவையுங்கள். கறுத்த செம்பில் ஈயம் ஒட்டாது.

மார்ச் 9

பெட்ரோல் முள்ளைப் பற்றிச் சுருக்கமாக. டேஷ்போர்டின் பின்னால் ஒரு சிறு பெட்டி இருக்கிறது, வோல்டேஜ் ஸ்டெபிலைசர். உள்ளே இருக்கும் ஈருலோகப் பட்டை சூடாகி வளைந்து இணைப்பைத் துண்டிக்கும், ஆறியதும் மறுபடி சேர்க்கும். இப்படி விட்டுவிட்டுக் கொடுப்பதால் முள்ளுக்குச் சராசரியாக 10 வோல்ட் போய்ச் சேருகிறது. அந்தப் பட்டையைச் சூடாக்கும் சுருளுக்கு எர்த் வேண்டும். அது பெட்டியின் உடல் வழியாகவே கிடைக்கிறது. எர்த் விட்டுப்போனால் பட்டை சூடாகாது, இணைப்பு பிரியாது, பாட்டரியின் முழு வோல்ட்டும் முள்ளுக்குப் போகும். முள் அதிகமாகக் காட்டும். டேங்கில் இருக்கும் மிதவையைக் கழற்றப் போவதற்கு முன் இந்தப் பெட்டியின் திருகைக் கழற்றிச் சுத்தம் செய்து பூட்டிப் பாருங்கள். டிஜிட்டல் மீட்டரில் இதை அளந்தால் எண்கள் தாவிக்கொண்டே இருக்கும். அது கோளாறு அல்ல, அதன் இயல்பு.

மார்ச் 11

இனி ஃபியூஸ். மூன்றில் இதுதான் உண்மையான கம்பிக் கோளாறு. ஆபத்தும் இதில்தான் இருக்கிறது.

எப்போதாவது போகும் ஃபியூஸைத் தேடுவது கடினம், ஏனென்றால் நீங்கள் தேடும் நேரத்தில் எல்லாம் சரியாக இருக்கும். எந்தச் செயலின்போது போகிறது என்று ஒரு தாளில் எழுதி வாருங்கள். பிரேக்கை மிதித்தபோதா, மழையில் வைப்பர் ஓடியபோதா, மேட்டில் கிளட்சை விட்டுப் புறப்படும்போதா? என் காரில் மூன்று முறையும் நின்ற இடத்திலிருந்து வேகமாகக் கிளம்பும்போது போனது. எழுதிவைத்திருக்காவிட்டால் அந்த ஒற்றுமை என் கண்ணில் பட்டிருக்காது.

பிறகு, ஃபியூஸை எடுத்துவிட்டு அந்த இடத்தில் டெஸ்ட் லேம்பை மாட்டுங்கள். எங்கே ஷார்ட் ஆனாலும் பல்ப் வழியாக 1.75 ஆம்பியருக்கு மேல் ஓடாது, எனவே கம்பி சூடாகாது, ஃபியூஸ்களும் வீணாகாது. பச்சைக் கம்பியில் இருக்கும் எல்லாவற்றையும் அணைத்து, பெட்ரோல் முள்ளின் ஸ்டெபிலைசரையும் கழற்றிவிடுங்கள். பல்ப் இருண்டிருக்க வேண்டும். இப்போது ஹார்னஸை இடம் இடமாகப் பிடித்து ஆட்டிக்கொண்டே போங்கள். பல்ப் முழு வெளிச்சத்தில் எரிந்த நொடியில் உங்கள் கை எங்கே இருக்கிறதோ, அங்கேதான் ஷார்ட்.

நான் ஆட்டிய எந்த இடத்திலும் பல்ப் எரியவில்லை. கியர் தண்டைப் பிடித்து வலுவாகத் தள்ளியபோது ஒரு முறை மின்னியது. ரிவர்ஸ் விளக்கின் சுவிட்ச் கியர்பாக்ஸின் மேல் இருக்கிறது. பச்சைக் கம்பி அதற்குள் போய், பச்சை-பழுப்பாக வெளியே வருகிறது. கியர்பாக்ஸுக்கும் அதன் மேலே மூடியிருக்கும் சுரங்கத்துக்கும் நடுவே விரல் நுழையும் இடம்தான் உண்டு. அங்கே கம்பி நசுங்கி, உறை தேய்ந்து, எஞ்சின் முறுக்கித் தூக்கும்போதெல்லாம் பாடியைத் தொட்டிருக்கிறது. தேய்ந்த நீளம் என் கட்டைவிரல் நகத்தின் அளவு. என் புதிய ஹார்னஸில் நடந்தது இது என்பதையும் சொல்லிவிட வேண்டும்: கியர்பாக்ஸைப் பூட்டியபோது அந்தக் கம்பியை ஒதுக்கிக் கட்டாமல் விட்டிருக்கிறேன்.

மார்ச் 12

நேற்று ஒரு முக்கியமான விஷயத்தை விட்டுவிட்டேன். கேட்டவர் தம் ஃபியூஸ் பெட்டியின் படத்தை அனுப்பியிருக்கிறார். பச்சைக்கு அவர் போட்டிருப்பது அமெரிக்க முறையில் 35 ஆம்பியர் என்று அச்சிட்ட ஃபியூஸ். உடனே கழற்றிவிடுங்கள்.

பெட்டியில் 35 என்று எழுதியிருப்பது உண்மைதான். ஆனால் பழைய பிரிட்டிஷ் லூகாஸ் நிறுவனத்தின் கண்ணாடி ஃபியூஸில் 35 என்பது அது உருகும் அளவு. தொடர்ந்து தாங்குவது 17 ஆம்பியர்தான். அமெரிக்க ஃபியூஸில் அச்சிட்டிருக்கும் எண் தொடர்ந்து தாங்கும் அளவைக் குறிக்கிறது. எண் ஒன்று, பொருள் வேறு. உங்கள் பெட்டியில் இருப்பது 35 ஆம்பியரைச் சலனமில்லாமல் தாங்கும். அதற்குள் மெல்லிய பச்சைக் கம்பிகள் ஃபியூஸ் செய்ய வேண்டிய வேலையைத் தாமே செய்யத் தொடங்கிவிடும். அதுவும் அவ்வப்போது உருகுகிறது என்றால், உங்கள் ஷார்ட் சாதாரணமானது அல்ல. ஷார்ட்டைக் கண்டுபிடிக்கும்வரை காரை எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பழுப்பு, வெள்ளை, நீலக் கம்பிகளுக்கு இந்தக் காரில் ஃபியூஸே இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். அவற்றில் ஷார்ட் ஆனால் உருகுவதற்குக் கம்பியைத் தவிர வேறு எதுவும் இல்லை. டேஷ்போர்டின் பின்னால் கையை விடும் ஒவ்வொரு முறையும் பாட்டரியின் எர்த் கம்பியை முதலில் கழற்றுங்கள். இருக்கைகளுக்குப் பின்னால் இரண்டு 6 வோல்ட் பாட்டரிகள் தொடராக இணைந்திருப்பதால் எதைக் கழற்றுவது என்று குழப்பம் வரும். பாடியில் போய் முடியும் கம்பி எதுவோ அதைக் கழற்றுங்கள்.

மார்ச் 15

வேறொருவர், 1965ஆம் ஆண்டின் எம்ஜிபி வைத்திருப்பவர், இதையெல்லாம் தம் காரிலும் அப்படியே செய்யலாமா என்று கேட்கிறார். செய்யலாம், ஆனால் உங்கள் காரில் பாட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு சேர்ந்திருக்கும். 1967இன் பிற்பகுதியில் வந்த இரண்டாம் வடிவத்தில்தான் டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டரும், அதோடு நெகட்டிவ் எர்த்தும் வந்தன. நான் "பாட்டரியின் நெகட்டிவ்" என்று எழுதிய இடங்களில் எல்லாம் நீங்கள் பாசிட்டிவ் என்று படிக்க வேண்டும். இடையில் யாராவது மாற்றியிருக்கவும் கூடும். கம்பியைக் கண்ணால் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

மார்ச் 16

எர்த் என்று பேசும்போது எஞ்சினின் எர்த்தையும் விட முடியாது. எஞ்சின் ரப்பர் தாங்கிகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதைப் பாடியோடு மின்வழியில் இணைப்பது ஒரு பின்னல் பட்டை மட்டுமே. ஸ்டார்ட்டர் 100 ஆம்பியருக்கு மேல் கேட்கும். அந்தப் பட்டை அறுந்துபோனால் அவ்வளவு மின்சாரமும் சோக் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகப் போகப் பார்க்கும். ஸ்டார்ட்டர் சோம்பலாகச் சுற்றுகிறது, சோக் கைப்பிடி சுடுகிறது என்றால் பாட்டரியைக் குறைசொல்வதற்கு முன் காரின் அடியில் பாருங்கள். ஸ்டார்ட்டர் சுற்றும்போது எஞ்சினுக்கும் பாட்டரியின் எர்த் முனைக்கும் இடையே அளந்தேன்: என் காரில் 2.3 வோல்ட். பட்டையை மாற்றிய பின் 0.3.

மார்ச் 22

1972 கார்க்காரர் ஷார்ட்டைக் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் நான் சொன்ன இடத்தில் அல்ல. கியர்பாக்ஸின் மேல் எல்லாம் ஒழுங்காக இருந்ததாம். ஹார்னஸ் பாடியின் துளை வழியாக டிக்கிக்குள் நுழையும் இடத்தில் ரப்பர் வளையம் காய்ந்து உதிர்ந்திருக்கிறது. துளையின் விளிம்பு துணிநாடாவை அறுத்து, பச்சை-ஊதாக் கம்பியின் உறைக்குள் இறங்கியிருந்தது. பிரேக்கை மிதிக்கும்போது மட்டுமே அதில் மின்சாரம் இருக்கும் என்பதால், குண்டும் குழியுமான சாலையில் பிரேக் போட்ட வேளைகளில் மட்டும் ஃபியூஸ் போயிருக்கிறது. அவர் தாளில் எழுதிவைத்த குறிப்புகளைப் பார்த்தால், ஐந்தில் நான்கு முறை "வேகத்தடைக்கு முன்" என்றிருக்கிறது. நான் என் காரின் கோளாறை அவர் காரின் மேல் ஏற்றிப் பேசியிருக்கிறேன். அந்தத் தாள் என்னைவிட நன்றாகச் சொல்லியிருக்கிறது.

எல்லாத் துளைகளிலும் ரப்பர் வளையத்தை மாற்றச் சொல்லியிருக்கிறேன். ஒன்று போயிருந்தால் மற்றவையும் அதே வயதுதான்.

மார்ச் 23

முதல் நாள் "சரியில்லை" என்று வெட்டிச் சொன்னதை ஓரிடத்தில் திருத்த வேண்டும். ஹார்னஸை மாற்றியே ஆகவேண்டிய கார்கள் உண்டு. பழுப்புக் கம்பி ஒரு முறையேனும் சூடேறி உறை உருகியிருந்தால், அது தன்னோடு ஒரே கட்டில் ஓடும் மற்றக் கம்பிகளையும் வெந்துபோகச் செய்திருக்கும். நாடாவைப் பிரித்துப் பார்க்காமல் அதை அறிய முடியாது. கம்பியை விரலில் வளைத்தால் உறை வெடிக்கிறதா என்றும் பாருங்கள். வெடித்தால் தேடுவதில் பயனில்லை, மாற்றிவிடுங்கள். கேட்டவர் ஸ்டியரிங் தண்டின் அருகிலும் ஃபியூஸ் பெட்டியின் பின்னாலும் நாடாவைப் பிரித்துப் பார்த்திருக்கிறார்: உறைகள் மென்மையாக இருக்கின்றன, நிறங்கள் தெளிவாக இருக்கின்றன. அந்த ஹார்னஸ் இருக்கட்டும்.

ஏப்ரல் 19

நான்கு வாரமாகப் பச்சை ஃபியூஸ் போகவில்லை. இப்போது பெட்டியில் இருப்பது 17 தாங்கி 35இல் உருகும் சரியான ஃபியூஸ். பெட்ரோல் முள் மட்டும் இன்னும் கொஞ்சம் அதிகமாகக் காட்டுவதாக எழுதியிருக்கிறார். ஸ்டெபிலைசரின் திருகைச் சுத்தம் செய்தீர்கள். அது பிடித்திருக்கும் இடத்தில் பெயின்ட் இருக்கிறதா என்று பார்த்தீர்களா?